மீமுரேக்கு வானை எடுக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்டி–மஹியங்கனை வீதியில் ஹுன்னஸ்கிரியாவில் திரும்பினால் மலைக்கிராமமான மீமுரே முப்பது சொச்சம் கிலோமீட்டர்தானே, ஒரு மணித்தியாலத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. நக்கிள்ஸ் மலைக்குள் கிலோமீட்டரை நம்பாதீர்கள். லூல்வத்தை தாண்டினால் பாதை ஒடுங்கிவிடும், கோர்பட்ஸ் கேப் என்ற கணவாயிலிருந்து ஒரே இறக்கம், எதிரில் லொறி வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டும் (ஏறுகிற வண்டிக்கு வழிவிடுவதுதான் முறை). கண்டியிலிருந்து விடிய வெள்ளனக் கிளம்புங்கள். பின்னேரம் மூடுபனி இறங்கினால் ஹைபீம் போடக்கூடாது, வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

சரி, பிரேக்குக்கு வருவோம். பெற்றோலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற பழக்கம் நம் ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவில் எங்கள் சித்தப்பா அப்படித்தான் வானை இறக்கினார். பாதி வழியில் கருகல் வாடை, பெடல் மெத்தையை மிதித்த மாதிரி உள்ளே போனது. இரண்டாம் கியரைப் போட்டு, கை பிரேக்கை இழுத்து, மலைப்பக்க மண்மேட்டில் உரசித்தான் நிறுத்தினார். பின் சீட்டில் அப்பாயி வெற்றிலைப் பையை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியானால் பெடலுக்கு அழுத்தமே இருக்காது. பழைய எண்ணெய் ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால் சீக்கிரமே கொதிக்கும், ஆகவே பயணத்துக்கு முன் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். வாடை வந்தால் உடனே நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிப்பு விழும்.

பெற்றோலை கண்டியிலேயே நிரப்புங்கள், உதிரி டயரிலும் காற்றைப் பாருங்கள். மார்கழி, தை மழையில் இந்தப் பக்கம் மண் இளகிக் கிடக்கும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள், சிவப்பு என்றால் பயணத்தையே தள்ளிப் போடுங்கள்.

அப்புறம் சிக்னல். அவசரத்துக்கு 1990 என்ற எண்ணில் அம்புலன்ஸ் இருக்கிறது, ஆனால் அழைக்க சிக்னல் வேண்டுமே! மலைக்குள் பல இடங்களில் அது கிடைக்காது. வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், வராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதை வீட்டில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ஏறுங்கள்.