குழந்தையின் உடம்பில் கொப்புளம் கண்டால்: முதல் நாளில் பார்க்க வேண்டியவை

ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டும் நாள்களில் பிள்ளையின் உடம்பில் நான்கு கொப்புளங்கள் தெரிந்தால், சேலத்து வீடுகளில் அதை அம்மை என்றே முடிவு செய்துவிடுகிறோம். எங்கள் இரண்டு வயது மகளுக்கும் அப்படித்தான் வாசலில் வேப்பிலை செருகினோம். ஆனால் அவளுடைய கொப்புளங்கள் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இருந்தன. தயிர்சாதத்தை வாயில் வைத்ததுமே துப்பிவிட்டு அழுதாள். மருத்துவர் அவள் நாக்கில் இருந்த புண்களைப் பார்த்து, இது கை, கால், வாய் நோய் என்றார்.

முதலில், காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது, தடிப்பு எந்த இடத்தில் முதலில் வந்தது என்பதைத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இந்த வரிசையே நோயைக் காட்டிக்கொடுக்கும். மூன்று நாள் கடுங்காய்ச்சல் விட்ட பிறகு மார்பிலும் முதுகிலும் சிறு தடிப்புகள் வந்து, குழந்தை தெளிவாக விளையாடினால், அது பெரும்பாலும் தானே மறையும் வகை. சிவந்த புள்ளி, நீர்க்கொப்புளம், காய்ந்த பொருக்கு ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் அருகருகே இருந்தால் சின்னம்மையாக இருக்கலாம். காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவத்தல் என்று வந்து, சில நாள் கழித்து முகத்திலிருந்து தடிப்பு கீழிறங்கினால் தட்டம்மையை நினைக்க வேண்டும். நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான், ஏனெனில் அது நுரையீரலையும் மூளையையும் தாக்கக்கூடும். தடுப்பூசி அட்டையில் 9 மாதம் முடிந்த பின் ஒன்றும், 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்றுமாக இரண்டு தவணையும் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். நம் மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. ஆகவே குழந்தையைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, விரலால் தடவியும் அறிய வேண்டும்.

அடுத்து, தெளிவான கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டைத் தடிப்பின்மேல் அழுத்துங்கள். காய்ச்சலோடு இருக்கும் குழந்தைக்கு அழுத்தத்திலும் நிறம் மறையாத புள்ளிகள் இருந்தால், அல்லது மூச்சு வாங்கினால், எழுப்பியும் விழிக்காமல் துவண்டால், எட்டு மணி நேரம் சிறுநீரே போகாவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஏற்காட்டில் இருப்பவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்க வேண்டியிருப்பதால், உடனே 108ஐ அழைப்பதே நல்லது.

இந்த அறிகுறிகள் இல்லையென்றால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கு; 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். மருந்துப் புட்டிக்குப் புட்டி வீரியம் மாறுவதால், எத்தனை மில்லி என்பதை மருந்தாளுநரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். ஆஸ்பிரின் ஒருபோதும் கொடுக்கக் கூடாது. வாய்ப்புண்ணுக்குப் புளிப்பும் காரமும் ஆகாது. எங்கள் மகள் ஆறிய கஞ்சியையும் இளநீரையும் கரண்டி கரண்டியாகத்தான் ஏற்றாள். வேப்பிலை வாசலில் இருக்கட்டும். உடைந்த கொப்புளத்தில் அதையும் மஞ்சளையும் அரைத்துப் பூச வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டுவதால் தீங்கில்லை.

சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்காகும் வரை அங்கன்வாடிக்கு அனுப்பக் கூடாது. கர்ப்பிணிகள் நெருங்கக் கூடாது. கை, கால், வாய் நோயின் கிருமி வாரக்கணக்கில் மலத்தில் வெளியேறும் என்பதால், மலம் கழுவிவிட்ட பிறகு ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். இந்நோய் ஆறிச் சில வாரம் கழித்து நகம் கழல்வதும் உண்டு. எங்கள் மகளின் கட்டைவிரல் நகம் அப்படித்தான் தூக்கிக்கொண்டு நின்றது. அதன் அடியில் புது நகம் ஏற்கெனவே பாதி வளர்ந்திருந்தது.