ரைஃபிள் மரக்கட்டையில் ஊறிய எண்ணெயை எடுத்த விதம்
தாத்தா காலத்து வேட்டை ரைஃபிள். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அலமாரியோடு சரி. குழல் மேல்நோக்கி நின்றதால் எண்ணெய் கீழிறங்கி, வால்நட் கட்டை இரும்பைச் சேரும் இடத்தில் கறுத்து மெத்தென்று ஆகிவிட்டது. இனி குழல் கீழ்நோக்கித்தான்.

கட்டையை லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் கழற்றி வாங்கினேன். பெயின்ட் கடை சாக் பவுடரை அசிட்டோனில் தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்து அப்பினேன். காயக்காய எண்ணெயை உறிஞ்சிப் பழுப்பாகும். தட்டிவிட்டு, தூள் வெள்ளையாகவே நிற்கும்வரை திரும்பப் பூச வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

பள்ளங்களுக்கு ஈரத்துணிமேல் இஸ்திரிப்பெட்டி; ஆவியில் நசுங்கிய நார் உப்பும். மணல்தாள் தொடவே வேண்டாம், தாத்தா கத்தியால் கீறிய எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

கடைசியில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் (கடையில் ‘பாயில்டு லின்சீட் ஆயில்’ என்று விற்பது; வீட்டில் காய்ச்சுவது அல்ல), விரலால், மெல்லிசாக. பெங்களூர் மழைக்காலத்தில் மெதுவாகத்தான் காயும். இந்த எண்ணெயைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கலாம். நனைத்து, வெளியே விரித்துக் காயவிடுங்கள்.