அற்பாயுளில் மறைந்தவர்களின் சிம்பொனிகள்: கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொசார்ட் 35 வயதில் இறந்தார். ஷூபர்ட் 31 வயதில் இறந்தார். பில்பாவோவில் பிறந்து பாரிஸில் மறைந்த ஹுவான் கிறிசோஸ்தொமோ அரியாகாவுக்கோ இருபது வயது நிறைய இன்னும் பத்து நாள் மீதமிருந்தது. இம்மூவரின் சிம்பொனிகளை ஒரே மாலையில் வாசிக்கும் கச்சேரிக்குச் செல்பவர்களில் பலர், வயலின்கள் சுருதி சேர்ப்பதற்கு முன்பே மனத்துக்குள் ஓர் இரங்கற்கூட்டத்தை நடத்தி முடித்துவிடுகிறார்கள். பிறகு காதில் விழுவதெல்லாம் அவர்களுக்கு ஒப்பாரியாகவே ஒலிக்கிறது.

இந்தத் தவறுக்கு அதிகம் ஆளாவது மொசார்ட்டின் ஜி மைனர் சிம்பொனி, அதாவது 40ஆம் எண். (ஜி என்பது ஆதார ஸ்வரம்; மைனர் என்பது பெரும்பாலும் துயரச் சாயலும், மேஜர் என்பது பெரும்பாலும் ஒளிச்சாயலும் தரும் ஸ்வர அமைப்பு.) அதை மரணத்தின் நிழலில் எழுதிய விடைபெறும் பாடலாகக் கேட்பவர்கள் தேதிகளைப் பார்க்க வேண்டும். அவர் தம் கைப்படப் பராமரித்த படைப்புப் பட்டியலில், 39ஆம் சிம்பொனி 1788 ஜூன் 26 அன்றும், 40ஆம் சிம்பொனி ஜூலை 25 அன்றும், எக்காளமும் முரசும் முழங்கும் 41ஆம் சிம்பொனி ஆகஸ்ட் 10 அன்றும் பதிவாகியுள்ளன. அப்போது அவருக்கு வயது 32. இறப்பதற்கு இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. ஜி மைனர் சிம்பொனிக்குப் பின்னாளில் அவரே கிளாரினெட்களைச் சேர்த்துத் திருத்தி எழுதினார் என்பதும் கவனிக்கத்தக்கது. மேடையேறும் வாய்ப்பு கண்முன் இருக்கும்போது ஒருவர் செய்யும் வேலை அது. அந்த இசையில் துயரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சில வாரங்களுக்குள் மூன்று சிம்பொனிகளை, மூன்று வேறுவேறு மனநிலைகளில் எழுதி முடித்த ஒரு தொழிற்கலைஞரின் தேர்வாக அத்துயரத்தைக் கேட்டால்தான் அதன் கட்டுமானம் நமக்குப் புலப்படும்.

ஷூபர்ட்டின் ‘முற்றுப்பெறாத சிம்பொனி’ என்ற பெயரோ இன்னும் ஆழமாக ஏமாற்றுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போதே எமன் வந்து பேனாவைப் பறித்துவிட்டான் என்று நம்புகிறவர்கள் எத்தனையோ பேர். அவர் அதை எழுதியது 1822இல்; இறந்தது 1828இல். இரண்டு பகுதிகளை முழுமையாக எழுதி, மூன்றாவதன் தொடக்கத்தை மட்டும் இசைக்குழுவுக்கு அமைத்துவிட்டு, அப்படியே நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு ‘பெரிய’ சி மேஜர் சிம்பொனியை நான்கு பகுதிகளோடும் எழுதி முடித்தார். நிறுத்தியதற்கான காரணத்தை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. நண்பர் ஹுட்டன்பிரென்னரின் வசம் பல்லாண்டுகள் கிடந்த அந்தக் கைப்பிரதி, 1865 டிசம்பரில்தான் வியன்னாவில் முதன்முறையாக ஒலித்தது.

அரியாகாவை ‘ஸ்பானிய மொசார்ட்’ என்று அறிமுகப்படுத்துவது வழக்கமாகிவிட்டது. மொசார்ட் பிறந்து சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, அதே ஜனவரி 27 அன்று, 1806இல் பிறந்தவர் என்பதால் ஒப்பீடு எளிதில் ஒட்டிக்கொண்டது. அந்த அடைமொழியோடு கேட்பவர்கள் மொசார்ட்டைத் தேடி, கிடைக்காமல் ஏமாறுகிறார்கள். டி மேஜருக்கும் டி மைனருக்கும் இடையே மாறி மாறி நடப்பதால் ‘டி சிம்பொனி’ என்று மட்டுமே அறியப்படும் அந்தப் படைப்பு, பீத்தோவனுக்குப் பின் வந்த தலைமுறையின் பதற்றம் கொண்டது.

நிகழ்ச்சி நிரலை மேலோட்டமாகப் படிப்பதும் தவறுதான். ஷூபர்ட் சி மேஜரில் இரண்டு சிம்பொனிகளை எழுதியிருக்கிறார்: சுமார் அரை மணி நேரம் நீளும் 6ஆவது ஒன்று, ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீளும் ‘பெரியது’ மற்றொன்று. பெரியதற்கு 7, 8, 9 என மூன்று எண்களும் வெவ்வேறு பதிப்புகளில் வழங்குவதால், ஷூபர்ட்டின் படைப்புகளுக்கு எண்ணிட்டுத் தரும் டாய்ச் பட்டியலில் அதற்குரிய 944 என்ற எண்ணைப் பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது.

கைதட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகுதிகளுக்கு இடையே தட்டிவிட்ட புதியவரை முறைத்துப் பார்ப்பது, அந்தக் கால வழக்கத்தை அறியாத செயல். 1778இல் பாரிஸில் அரங்கேறிய தம் சிம்பொனியின் முதல் பகுதி நடுவிலேயே மக்கள் கைதட்டியதையும், இறுதிப் பகுதியை இரண்டு வயலின் பிரிவுகளைக் கொண்டு மட்டும் மெதுவாகத் தொடங்கிவிட்டு முழுக் குழுவும் வெடித்தெழும்படி தாம் அமைத்த இடத்தில் கரவொலி எழுந்ததையும், மொசார்ட் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் மகிழ்ச்சியோடு விவரிக்கிறார். இன்றைய அரங்குகளில் இறுதிவரை காத்திருப்பதே மரபு. அதைப் பின்பற்றலாம், பிறரைக் கூசவைக்க வேண்டியதில்லை.

மௌனம் கட்டாயமாகத் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. முற்றுப்பெறாத சிம்பொனியின் முதல் பகுதியில், வயலினைவிடப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட தந்திக் கருவிகளான செல்லோக்கள் இசைக்கும் அந்தப் பிரபலமான மெட்டை வயலின்கள் வாங்கிப் பாடிவருகையில், வாக்கியம் முடிவதற்குள் இசை சட்டென்று அறுந்துவிடும். ஒரு தாள அளவு முழுவதும் எந்தக் கருவியும் ஒலிக்காது. அடுத்த கணம் மொத்தக் குழுவும் உரத்த குரலில் சி மைனரில் இடிக்கும். கைப்பையைத் திறப்பதற்கோ நிரல் தாளைப் புரட்டுவதற்கோ கை நீளும் நேரமும் பெரும்பாலும் அதுவாகவே அமைந்துவிடுகிறது. ஷூபர்ட் எழுதிய அந்த வெற்று அளவும் இசைதான்.