நிறமாற்றத்தை வைத்து கார்பன் டை ஆக்சைடை அளப்பது எப்படி?

மூச்சுக்குழாயில் செலுத்திய குழாய் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்க, மருத்துவர்கள் அதன் முனையில் சிறு நிறங்காட்டி ஒன்றைப் பொருத்துவது உண்டு. நோயாளியின் மூச்சு பட்டால் ஊதா மஞ்சளாகும். அதே வேதியியலில் ஓர் ஒளியியல் உணரியை (சென்சார்) மேசைமேலேயே செய்துவிடலாம்.

தேவையானவை: ஆப்ப சோடா, டிஸ்டில்டு வாட்டர், 0.04% புரோமோதைமால் ப்ளூ கரைசல் (அமிலம் கூடினால் நிறம் மாறும் சாயம்), சிவப்பு எல்.இ.டி., எல்.டி.ஆர். (வெளிச்சம் கூடினால் மின்தடை குறையும் பாகம்), 100 ஓம் ரெசிஸ்டர், 2 பென்சில் பேட்டரி, மல்டிமீட்டர்.

படி 1: கரைசல்

1.2 கிராம் சோடாவை 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கரையுங்கள். அதில் 100 மில்லி எடுத்து, மறுபடியும் தண்ணீர் சேர்த்து 1 லிட்டராக்குங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள கார்பனேட் கணக்கைக் கெடுத்துவிடும். இந்தக் கரைசலில் 10 மில்லி எடுத்து, தெளிவான நீலம் வரும்வரை சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

உணரியின் உயிரே சோடாவின் அளவில்தான் இருக்கிறது. நீரில் கரையும் கார்பன் டை ஆக்சைடு கார்பானிக் அமிலமாகி பி.எச்.-ஐ (அமில-காரத் தன்மையின் அளவு; அமிலம் கூடினால் குறையும்) இறக்கும். எவ்வளவு வாயுவுக்கு எவ்வளவு இறங்கும் என்பதைச் சோடாவின் செறிவு தீர்மானிக்கிறது. நமது கரைசல் வெளிக்காற்றில் (சுமார் 420 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு கார்பன் டை ஆக்சைடு) பி.எச். 8.3 அருகே நீலமாக நிற்கும். சுமார் 4% கார்பன் டை ஆக்சைடு உள்ள மூச்சுக்காற்றை ஸ்ட்ரா வழியாக ஊதினால் 6.4 வரை இறங்கி மஞ்சளாகும். உறிஞ்சிவிடாதீர்கள், ஊத மட்டும் செய்யுங்கள். பூட்டிய அறையின் 1,000 பி.பி.எம். அளவையே பிடிக்க வேண்டுமா? சோடாவைப் பத்தில் ஒரு பங்காக்குங்கள். அந்த அளவிலேயே பச்சை தட்டும்.

படி 2: ஒளி

நீலக் கரைசல் சிவப்பு ஒளியை விழுங்கும். மஞ்சள் கரைசல் விட்டுவிடும். சிவப்பு எல்.இ.டி. அதற்காகத்தான். சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் 1 செ.மீ. உயரத்துக்குக் கரைசலை ஊற்றி, அடியில் எல்.இ.டி., மேலே சற்று இடைவெளி விட்டு எல்.டி.ஆர். வையுங்கள். எல்.இ.டி.யை ரெசிஸ்டர் வழியாகப் பேட்டரியோடும், எல்.டி.ஆர்.-ஐ மல்டிமீட்டரோடும் இணையுங்கள். வெளி வெளிச்சம் படாமல் கறுப்புத்தாளால் மறையுங்கள். காற்று போக வழி இருக்கட்டும். வாயு கூடக்கூட மீட்டரில் ஓம் அளவு குறையும்.

படி 3: சோதனை

மூடியுள்ள டப்பாவுக்குள் இதை வைத்து, பக்கத்தில் ஈஸ்ட், சர்க்கரை, வெதுவெதுப்பான நீர் கலந்த கோப்பையை வையுங்கள். பலரும் சோடாவில் வினிகர் ஊற்றுவார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. வினிகரின் ஆவியே அமிலம், அதுவும் நிறத்தை மாற்றிவிடும். வாயு நீருக்குள் இறங்க நேரமாகும், பொறுங்கள்.

அளவு நிலைத்ததும் டப்பாவைத் திறந்துவிடுங்கள். நீலமும் பழைய ஓம் அளவும் மெல்லத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் வேறு ஏதோ அமிலம் கலந்திருக்கிறது, கரைசலை மாற்றுங்கள்.