செப்டிக் டேங்க்: கசடை எப்போது, எப்படி எடுப்பது, கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது

செப்டிக் டேங்க் கழிவை அழித்துவிடும் என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது செய்வது பிரிக்கும் வேலை. வீட்டிலிருந்து வரும் கழிவுநீர் ஒன்றிரண்டு நாள் தொட்டிக்குள் அலைபாயாமல் நிற்கும்போது கனமானது அடியில் கசடாகப் படிகிறது. எண்ணெய்ப் பிசுக்கும் மிதக்கிற பொருட்களும் மேலே ஏடு கட்டுகின்றன. நடுவில் உள்ள ஓரளவு தெளிந்த நீர் மட்டும் அவுட்லெட் வழியாக உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணில் இறங்குகிறது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அடிக்கசடில் ஒரு பகுதியைக் கரைத்து வாயுவாக்கும். மீதி, யாராவது எடுக்கும்வரை அங்கேயே கிடக்கும்.

எடுக்காமல் விட்டால் முதலில் கெடுவது தொட்டியல்ல, உறிஞ்சு குழி. கசடு ஏற ஏற நீர் நிற்க இடம் குறைகிறது. படிய நேரமில்லாத துகள்கள் நீரோடு சேர்ந்து குழிக்குப் போய் மண்ணின் நுண்துளைகளை அடைக்கின்றன. தொட்டியை லாரி வைத்து ஒரே நாளில் காலி செய்துவிடலாம். அடைத்துப்போன மண்ணை அப்படிச் சுத்தம் செய்ய வழியில்லை. பெரும்பாலும் வேறு இடத்தில் புதுக் குழிதான் தோண்ட வேண்டியிருக்கும்.

மூடியைத் திறக்கும் முன்

தொட்டிக்குள் மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு மூன்றும் இருக்கும். முதலாவது தீப்பிடிக்கும். மூன்றாவது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், ஆனால் காற்றில் அதன் அளவு சுமார் 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இன்னும் கூடினால் சில மூச்சுகளிலேயே ஆளைச் சாய்த்துவிடும். நாற்றம் இல்லை, அதனால் வாயு இல்லை என்று நம்பி இறங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். அவர்களைத் தூக்க இறங்கியவர்களும் இறந்திருக்கிறார்கள். காலி செய்த தொட்டியும் இதே அளவு ஆபத்துதான். அடியில் மிஞ்சிய கசடைக் கிளறினாலே வாயு கிளம்பும்.

எனவே யாரும், எந்தக் காரணத்துக்காகவும், உள்ளே இறங்கக் கூடாது, கூலிக்கு ஆள் வைத்தும் இறக்கக் கூடாது. குனிந்து தலையை உள்ளே நீட்டக் கூடாது. பீடி, சிகரெட், தீக்குச்சி அருகில் வேண்டாம். வெளிச்சத்துக்கு டார்ச் போதும். மூடியைத் திறந்து சற்று நேரம் விட்டு, காற்று வரும் பக்கம் நின்று வேலை செய்யுங்கள். கூட ஒருவர் இருக்கட்டும். யாராவது விழுந்துவிட்டால் பின்னால் இறங்காமல் தீயணைப்பு மீட்புப் படையை அழையுங்கள். திறந்த மூடியை ஒரு நிமிடம்கூடக் காவலின்றி விடக் கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கசடை அளப்பது

'நிரம்பினால் எடுக்கலாம்' என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. தொட்டி எப்போதும் அவுட்லெட் மட்டம்வரை நிரம்பியேதான் இருக்கும். பார்க்க வேண்டியது கசடின் கனத்தை.

1. சுமார் 3 மீட்டர் நீளக் கம்பு ஒன்றை எடுத்து, அதன் அடி ஒரு மீட்டரில் வெள்ளைத் துண்டுத் துணியை இறுக்கச் சுற்றிக் கட்டுங்கள். ரப்பர் கையுறை அவசியம்.
2. அவுட்லெட் பக்க மூடியைத் திறந்து, முடிந்தால் அங்குள்ள டீ பைப்பின் ('T' எழுத்து வடிவக் குழாய்) உள்வழியாகவே கம்பை இறக்குங்கள். வெளியே இறக்கினால் மேல் ஏடு துணியில் அப்பி அளவைக் கெடுக்கும்.
3. அடி தட்டியதும் 3 முதல் 5 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். பிறகு மெதுவாக உயர்த்துங்கள். துணியில் கறுப்புத் துகள் ஒட்டியிருக்கும் உயரம்தான் கசடின் கனம்.
4. மேல் ஏட்டுக்கு வேறு கம்பு. அதன் நுனியில் 15 செ.மீ. சதுரப் பலகைத் துண்டை ஆணியடித்து, ஏட்டைத் துளைத்து உள்ளே விட்டு, மெல்ல மேலே தூக்குங்கள். தடுக்கும் இடம் ஏட்டின் அடிப்பக்கம். கம்பில் குறி போடுங்கள். அதே பலகையை டீ பைப்பின் கீழ் விளிம்பில் மாட்டி இன்னொரு குறி போடுங்கள்.

இரண்டு குறிகளுக்கும் இடையே 15 செ.மீ.க்கும் குறைவாக இருந்தாலோ, கசடின் மேல்மட்டம் அந்த விளிம்புக்குக் கீழே 30 செ.மீ.க்குள் வந்துவிட்டாலோ லாரியைக் கூப்பிட நேரமாகிவிட்டது. கசடும் ஏடும் சேர்ந்து நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டாலும் அப்படித்தான். உதாரணமாக நீர் ஆழம் 150 செ.மீ., கசடு 35, ஏடு 12 என்றால் மொத்தம் 47. எல்லை 50. சில மாதங்களுக்குள் எடுத்துவிடுங்கள்.

அளக்க வழியில்லை என்றால் ஆளுக்கு வருடத்துக்குச் சுமார் 40 லிட்டர் கசடு என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து பேர் வீட்டில் 200 லிட்டர். தொட்டி 3,000 லிட்டர் என்றால் மூன்றில் ஒரு பங்கு சேர 5 வருடம், 1,500 லிட்டர் என்றால் இரண்டரை வருடம். சமையலறை நீரும் இதே தொட்டிக்கு வந்தால் இன்னும் சீக்கிரம்.

லாரி வந்த அன்று

இரண்டு அறைத் தொட்டியில் முதல் அறைதான் பெரியது, பொதுவாக மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அதை மட்டும் இறைத்துவிட்டுக் கிளம்புவது நடக்கும். இரண்டையும் திறந்து எடுக்கச் சொல்லுங்கள். குழாயை மேல்நீரில் போட்டு உறிஞ்சினால் லாரி நிரம்பும், கசடு அப்படியே இருக்கும். அடிவரை இறக்கி, கெட்டிப்பட்டதைத் தண்ணீர் பீய்ச்சி இளக்கி எடுக்க வேண்டும். குழாயை டீ பைப் வழியாக விடக் கூடாது, டீ உடைந்துவிடும்.

காலியானதும் வெளியிலிருந்தே டார்ச் அடித்துப் பாருங்கள். டீக்கள் இரண்டும் இருக்கின்றனவா, தடுப்புச் சுவரின் திறப்பு அடைத்திருக்கிறதா, சுவரில் விரிசல் உண்டா? அவுட்லெட் வழியாகக் குழியிலிருந்து தண்ணீர் திரும்பி உள்ளே ஓடிவந்தால் குழி நிறைந்து கிடக்கிறது என்று பொருள்.

பிளாஸ்டிக், ஃபைபர் தொட்டியானால் உடனே தண்ணீர் நிரப்புங்கள். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது வெறுந்தொட்டி படகுபோல மிதந்து எழும்பிக் குழாய்களை முறித்துவிடும். அதனால் மழைக்காலத்தில் இந்த வேலையைத் தவிர்ப்பது நல்லது. நுண்ணுயிருக்காகப் பழைய கசடை மிச்சம் வைக்கவோ பொடி, ஈஸ்ட் எதையும் கொட்டவோ வேண்டாம். தினமும் வரும் மலத்திலேயே தேவைக்கு மேல் இருக்கிறது. கசடு எடுப்பதைத் தவிர்க்க உதவும் பொடி எதுவும் கிடையாது.

தொட்டிக்குள் போகக் கூடாதவை

நாப்கின், டயாபர், ஆணுறை, 'ஃப்ளஷ் செய்யலாம்' என்று அச்சிட்ட ஈரத்துடைப்பான் எதுவும் கரையாது. சமையல் எண்ணெய் ஏட்டைத் தடிமனாக்கும். பெயின்ட், தின்னர், மண்ணெண்ணெய், மீந்த மருந்து மாத்திரைகள் நுண்ணுயிரைக் கொல்லும். கழிப்பறை கழுவ வாரத்துக்குக் கொஞ்சம் கிருமிநாசினி பரவாயில்லை, பாட்டில் கணக்கில் ஆசிட் ஊற்றுவதுதான் கேடு.

தண்ணீரின் அளவும் முக்கியம். வாரத் துணி முழுவதையும் ஒரே நாளில் வாஷிங் மெஷினில் போட்டால் அந்த வெள்ளம் படிந்த கசடைக் கிளப்பி வெளியே தள்ளும். ஒழுகும் ஃப்ளஷ் டேங்க் அதைவிட மோசம், ஒரு நாளில் சில நூறு லிட்டர்கூடச் சத்தமில்லாமல் போகும். ஃப்ளஷ் டேங்கில் சில சொட்டு உணவுச் சாயம் விட்டு அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். பீங்கானில் நிறம் தெரிந்தால் வாஷரை மாற்ற வேண்டும்.

கோளாறு எங்கே?

ஒரே ஒரு கழிப்பறையில் மட்டும் தண்ணீர் தேங்கினால் அது அந்தக் குழாயின் அடைப்பு. வீடு முழுக்கத் தேங்கி, 'குளுக் குளுக்' என்று சத்தம் வந்தால் தொட்டியைத் திறந்து நீர்மட்டத்தைப் பாருங்கள்.

மட்டம் அவுட்லெட் குழாயின் அடிவிளிம்புக்குச் சரியாக இருந்தால் தொட்டியில் குறையில்லை. அடைப்பு வீட்டுக்கும் தொட்டிக்கும் இடையில், பெரும்பாலும் இன்லெட் டீயில். சரிவையும் சோதியுங்கள், 110 மி.மீ. பைப்புக்கு மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. இறக்கம் வேண்டும். மட்டம் அவுட்லெட்டுக்கு மேலே ஏறி நின்றால் அவுட்லெட் அடைத்திருக்கிறது அல்லது குழி உறிஞ்சவில்லை. கீழே இறங்கியிருந்தால் தொட்டி கசிகிறது, அருகில் கிணறு இருந்தால் அந்தத் தண்ணீரைப் பரிசோதிக்கும்வரை குடிக்காதீர்கள்.

வீட்டுக்குள் மட்டும் நாற்றமா? அதிகம் புழங்காத குளியலறையின் தரைத் துளையில் நிற்க வேண்டிய தண்ணீர் காய்ந்திருக்கும், ஒரு குவளை ஊற்றினால் தீர்ந்தது. இல்லையென்றால் வாயு வெளியேறும் வென்ட் பைப்பைப் பாருங்கள். கொசுவலை தூசியால் அடைத்திருக்கலாம், வலை கிழிந்திருந்தால் கொசு உள்ளே முட்டையிடும்.

உறிஞ்சு குழி

குழிமேல் வண்டி நிறுத்தக் கூடாது. மரம் வைக்கக் கூடாது. மாடி மழைநீரை அதற்குள் விடக் கூடாது. குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர், முடிந்தால் 30 மீட்டர் தள்ளியிருக்கட்டும். வறண்ட நாளிலும் குழியைச் சுற்றி ஈரம் ஊறினாலோ அங்கே மட்டும் புல் செழித்தாலோ மண் அடைபடத் தொடங்கிவிட்டது. அப்போது முதலில் தொட்டிக் கசடை எடுங்கள், அவுட்லெட் டீயைச் சரிசெய்யுங்கள், தண்ணீரைக் குறையுங்கள். இடமிருந்தால் இரண்டாவது குழி தோண்டி நடுவில், தண்ணீரை எந்தக் குழிக்கு வேண்டுமானாலும் திருப்பிவிடும் மாற்றுச் சேம்பர் கட்டுவது நல்லது. ஒரு குழியை ஆறு மாதம் முதல் ஒரு வருடம் காயவிட்டால் சுவரில் படிந்த வழவழப்பான படலம் காய்ந்து சிதைந்து, உறிஞ்சும் தன்மை ஓரளவு திரும்பும்.