டாக்டரிடம் தமிழிலேயே பேசலாம்

ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வந்த பெற்றோரை டாக்டரிடம் அழைத்துப் போகும்போது, பள்ளிக்குப் போகும் பேரனை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். தாத்தாவின் நோயைப் பற்றிக் குழந்தை வாயால் சொல்ல வைப்பது இருவருக்குமே பாரம். மருந்தின் அளவு தவறிப் போனால் ஆபத்தும்கூட.

அரசின் டிஐஎஸ் நேஷனல் சேவை 24 மணி நேரமும் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை இணைத்துத் தருகிறது. எண் 131 450. மெடிகேர் என்பது அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். மெடிகேர் அட்டை உள்ளவருக்கு மெடிகேரில் அடங்கும் சிகிச்சை தரும் தனியார் டாக்டர்கள், இதில் பதிவு செய்துகொண்டு இலவசமாகப் பயன்படுத்தலாம். டாக்டர்களுக்கென்றே தனி முன்னுரிமை எண்ணும் இருக்கிறது. நிறைய கிளினிக்குகள் தாமாக இதைச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

அதனால் நேரம் குறிக்கும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். அம்மாவுக்குப் பெண் மொழிபெயர்ப்பாளர்தான் வசதி என்றால் அதையும் அப்போதே கேளுங்கள். பேசுவது வெளியே போய்விடுமோ என்று பெரியவர்கள் தயங்குவார்கள். ரகசியம் காப்பது மொழிபெயர்ப்பாளரின் கடமை என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள். அப்புறம், இரு தரப்பும் பேசி முடிக்கக் கூடுதல் நேரம் ஆகும். நீண்ட அப்பாயின்ட்மென்ட்டாகவே கேட்டு வாங்குங்கள்.