டவுன்லோட்ஸ்ல குவிஞ்சு கிடக்கிற ரசீதையெல்லாம் டெர்மினல்ல அடுக்குறது எப்படி

ஏப்ரல் வந்தாலே பினாங்குல எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரே புலம்பல்தான், போன் வாங்குன ரசீது எங்க, இன்டர்நெட் பில் எங்கன்னு. எல்லாம் டவுன்லோட்ஸ் ஃபோல்டர்லயேதான் கிடக்கும். மே 15-க்குள்ள வருமான வரி இ-ஃபைலிங் முடிக்கணும், புக்கு, போன், கம்ப்யூட்டர், இன்டர்நெட்டுன்னு சேர்த்து லைஃப்ஸ்டைல் கழிவு 2,500 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் இருக்கு, ஆனா எல்எச்டிஎன், அதாவது மலேசிய வருமான வரி வாரியம், கேட்டா காட்டறதுக்கு ரசீத 7 வருஷம் வச்சிருக்கணும். மவுஸால ஒண்ணொண்ணா இழுத்துப் போட யாருக்குலா பொறுமை?

மொதல்ல டெர்மினல திறங்க, மவுஸ் இல்லாம கமாண்ட அடிச்சு வேலை வாங்கற ஜன்னல் அது. மேக்னா கமாண்டும் ஸ்பேஸும் அமுக்கி டெர்மினல்னு தேடுங்க. உபுண்டு லினக்ஸ்னா கண்ட்ரோல், ஆல்ட், டி மூணையும் சேர்த்து அமுக்குங்க. விண்டோஸ்னா பவர்ஷெல்ல அட்மினா திறந்து டபிள்யூஎஸ்எல் --இன்ஸ்டால்னு போட்டு கம்ப்யூட்டர ரீஸ்டார்ட் பண்ணுங்க, விண்டோஸுக்குள்ளயே உபுண்டு வந்துரும். பாஸ்வேர்ட் கேக்கறப்போ நீங்க அடிக்கிறது எதுவுமே திரையில தெரியாது, கீபோர்டு கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க, அது அப்படித்தான், அடிச்சிட்டு என்டர் தட்டுங்க.

கமாண்ட எல்லாம் இங்க தமிழ்ல எழுதியிருக்கேன், நீங்க இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிக்கணும். நாம புதுசா போடற ரசீது ஃபோல்டர், அடுக்கு ஃபைல், இதுக பேரு மட்டும் தமிழ்லயே இருக்கலாம், ஒண்ணும் ஆகாது.

சிடி ~/டவுன்லோட்ஸ்

இதுல டவுன்லோட்ஸோட மொத எழுத்து மட்டும் பெருசு. விண்டோஸ்காரங்க ~/டவுன்லோட்ஸுக்குப் பதிலா /எம்என்டி/சி/யூசர்ஸ்/உங்க பேரு/டவுன்லோட்ஸ்னு போடணும், அதுல யூசர்ஸுக்கும் மொத எழுத்து பெருசு. உள்ள போனதும் எல்எஸ்னு அடிச்சா இருக்கிற ஃபைல் எல்லாம் கொட்டும். அப்புறம் ஃபோல்டர் போடுங்க, எம்கேடிர்னா எம், கே, டி, ஐ, ஆர், -பி-ல வர்றது பினாங்கோட மொத இங்கிலீஷ் எழுத்து:

எம்கேடிர் -பி ரசீது/2025

இப்போ நகர்த்தறது. ஆனா நேரா நகர்த்தாதீங்க, முன்னாடி எக்கோ போடுங்க:

எக்கோ எம்வி -என் *2025*.பிடிஎஃப் ரசீது/2025/

எக்கோ இருக்கறதால ஒரு ஃபைலும் நகராது, என்ன நடக்கப் போகுதுன்னு வரிய மட்டும் காட்டும். நட்சத்திரம்னா அந்த இடத்துல எது வேணா இருக்கலாம்னு அர்த்தம், அதனால பேருல 2025 இருக்கிற பிடிஎஃப் எல்லாம் வரிசையா வரும், அதுல கல்யாணப் பத்திரிகை, மெனு கார்டு ஏதாச்சும் மாட்டியிருக்கான்னு நல்லா பாருங்க. சரியா இருந்தா மேல் அம்புக்குறிய தட்டுங்க, பழைய வரி திரும்பி வரும், எக்கோவ அழிச்சிட்டு என்டர். அந்த -என் எதுக்குன்னா, அங்க ஏற்கனவே அதே பேருல ஃபைல் இருந்தா மேல எழுதாம விட்டுரும். டெர்மினல்ல அழிஞ்சது குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான், அதனால ஆர்எம்ங்கிற அழிக்கிற கமாண்ட் பக்கம் இப்போதைக்கு போகவே வேணாம்.

கையால அடிச்சு சரியா வந்த வரிகள ஒரு ஃபைல்ல போட்டு வச்சா அதுதான் ஷெல் ஸ்கிரிப்ட், பெரிய மந்திரம் ஒண்ணுமில்ல. சிடின்னு மட்டும் அடிச்சு வீட்டு ஃபோல்டருக்கு வந்து, நானோ அடுக்கு.எஸ்எச்னு அடிச்சா நானோங்கிற எடிட்டர் திறக்கும், அதுல இத எழுதுங்க (பின், பாஷ் ரெண்டுக்கும் மொத எழுத்து பஸ்ஸுல வர்ற பி):

#!/பின்/பாஷ்
ஒய்=2025
சிடி ~/டவுன்லோட்ஸ் || எக்ஸிட்
எம்கேடிர் -பி ரசீது/$ஒய்
எம்வி -என் *$ஒய்*.பிடிஎஃப் ரசீது/$ஒய்/

ஒய்=2025-ல சமக்குறிக்கு ரெண்டு பக்கமும் இடைவெளி விடக்கூடாது, விட்டா ஒய்னு ஒரு கமாண்டே இல்லன்னு சண்டைக்கு வரும். மூணாவது வரியில இருக்கிற ரெண்டு நேர்கோட்டயும் எக்ஸிட்டையும் விட்டுறாதீங்க, டவுன்லோட்ஸுக்குள்ள போக முடியலன்னா அங்கயே நின்னுரும், இல்லாட்டி வேற எந்த ஃபோல்டர்ல நிக்குறீங்களோ அங்க இருக்கிற பிடிஎஃப்ப எல்லாம் அள்ளிக்கிட்டுப் போயிரும். கண்ட்ரோல் ஓ, என்டர், கண்ட்ரோல் எக்ஸ், சேவ் ஆயிடும். ஓட விடறதுக்கு:

பாஷ் அடுக்கு.எஸ்எச்

ஒண்ணும் சொல்லாம அடுத்த வரிக்கு வந்துட்டா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம். அடுத்த வருஷம் ரெண்டாவது வரியில 2026-ன்னு மாத்துனா போதும்.

எல்லாம் பண்ணியும் சில ரசீது அசையாம அங்கயே இருந்தா அதோட பேர பாருங்க, சில ஸ்கேனர் பேரோட கடைசியில வர்ற பிடிஎஃப்ப பெரிய எழுத்துல சேவ் பண்ணும், லினக்ஸ்லயும் மேக்லயும் ஷெல்லுக்கு, அதாவது நம்ம கமாண்ட வாங்கி நடத்தற புரோகிராமுக்கு, பெரிய எழுத்து வேற, சின்ன எழுத்து வேற. ஸ்கிரிப்ட்டோட கடைசி வரிய காப்பி பண்ணி கீழ போட்டு பிடிஎஃப்ப மட்டும் பெரிய எழுத்தா மாத்திருங்க.